தனிநபர் மின்னூலகம்

தனிநபர் மின்னூலகம் என்பது ஒருவர் தமது சொந்த வாசிப்புக்காகச் சேர்த்து, வகைப்படுத்தி, பேணிவரும் மின்னூல்களின் தொகுப்பு ஆகும். இத்தொகுப்பு பொதுவாக இரு முறைகளில் பேணப்படுகிறது. நூற்கோப்புகளைத் தமது கணினியின் வன்தட்டிலோ தம்மிடமுள்ள பிற சேமிப்புக் கருவிகளிலோ வைத்துக்கொள்வது ஒரு முறை. ஒரு நிறுவனத்தின் வழங்கிகளில் கோப்புகளை விட்டுவைத்து, வேண்டும்போது இணையம் வழியாகப் பெற்று வாசிப்பது மற்றொரு முறை. பின்னது மேகக் கணிமையின் ஒரு பயன்பாடு ஆதலால் மேகச் சேமிப்பு எனப்படுகிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கோப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது போலத் தோன்றினாலும், நடைமுறையில் அக்கோப்பைத் திறக்கவும் நகலெடுக்கவும் அழிக்கவும் யாருக்கு இயலும் என்பதே முதன்மையான வேறுபாடாகும். வன்தட்டில் உள்ள நூலைப் பேணும் உழைப்பும் அதனை இழக்கும் அபாயமும் வாசகருடையவை. மேகத்தில் உள்ள நூலைப் பேணும் உழைப்பு நிறுவனத்துடையது. நூலை நீக்கும் ஆற்றலும் அதனிடமே உள்ளது.

வரலாறு

மின்னூல்களின் தொடக்ககாலத்தில் இப்பாகுபாடு எழவில்லை. 1971 இல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமும், 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோரால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும் நூல்களை எவரும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளத்தக்க கோப்புகளாகவே வெளியிட்டன. தொலைபேசி வழி இணைய இணைப்பு விலை மிக்கதாகவும் வேகம் குறைந்ததாகவும் இருந்த காலம் அது. ஒரு முறை இறக்கிய நூலை வன்தட்டிலோ குறுந்தகட்டிலோ சேமித்து வைப்பதே இயல்பான வழக்கமாக இருந்தது.

2006 இல் சோனி நிறுவனம் மின்மைத் திரை கொண்ட பி.ஆர்.எஸ்-500 என்னும் வாசிப்புக் கருவியை அமெரிக்காவில் வெளியிட்டது. நூல்கள் கணினியிலிருந்து கம்பிவடம் வழியாகவே இக்கருவிக்கு மாற்றப்பட்டன. இதற்கென சோனி வழங்கிய மென்பொருள் லினக்சு இயக்குதளத்தில் இயங்கவில்லை. அப்போது கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த கோவிட் கோயல், 2006 அக்டோபர் 31 அன்று இதற்கு மாற்றாக ஒரு கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். 2008 இல் காலிபர் எனப் பெயர் மாற்றப்பட்ட இம்மென்பொருளே இன்றுவரை சொந்தக் கணினியில் மின்னூல்களைப் பேணுவோர் மிகப் பரவலாகப் பயன்படுத்தும் கருவியாகும்.

2007 நவம்பர் 19 அன்று அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியை வெளியிட்டது. கம்பியில்லா இணைப்பு இதனுள்ளேயே அமைந்திருந்ததால் கணினியே இல்லாமல் நூலை வாங்கிச் சில நொடிகளில் வாசிக்க முடிந்தது. வாங்கிய நூலின் ஒரு படி கடையின் வழங்கியிலும் இருந்தது. கருவி பழுதடைந்தாலும் தொலைந்தாலும் புதிய கருவியில் நூலை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். நூலகம் வாசகரின் வீட்டிலிருந்து கடையின் வழங்கிக்கு இடம்பெயரத் தொடங்கியது இவ்வசதியால்தான் எனலாம். தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களின் விற்பனையை அமேசான் 2016 டிசம்பரில் தொடங்கியது.

சொந்தக் கணினியில் பேணுதல்

மிக எளிய வழி, எந்தத் தனி மென்பொருளும் இல்லாமல் ஆசிரியர் பெயரிலோ துறையின் பெயரிலோ அடைவுகளை உருவாக்கிக் கோப்புகளை அவற்றில் இடுவதாகும். சில நூறு நூல்கள் வரை இது போதும். ஒரே நூல் இரு துறைகளுக்கு உரியதாகும்போதும், ஒரே நூலின் பல வடிவங்கள் சேரும்போதும், தொகுப்பு ஆயிரத்தைத் தாண்டும்போதும் இம்முறை தடுமாறுகிறது.

காலிபர் போன்ற மென்பொருள்கள் கோப்பையும் கோப்பைப் பற்றிய விவரங்களையும் தனித்தனியே கையாள்கின்றன. நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, தொடர், குறிச்சொற்கள் ஆகியவை மீதரவு எனப்படும். காலிபரில் ஒரு நூலைச் சேர்க்கும்போது அதன் நகல் ஒன்று நூலக அடைவுக்குள் எடுக்கப்படுகிறது. ஆசிரியர் பெயரில் ஓர் அடைவும் அதனுள் நூலின் பெயரில் ஓர் அடைவும் உருவாகி, அதில் நூற்கோப்பும் அட்டைப்படமும் மீதரவுக் கோப்பும் வைக்கப்படுகின்றன. எல்லா நூல்களின் விவரங்களும் சேர்ந்த தரவுத்தளம் ஒரே கோப்பாக நூலக அடைவின் தலைமட்டத்தில் இருக்கிறது. அடைவுகளின் பெயர்களைப் பயனர் கையால் மாற்றினால் தரவுத்தளத்துக்கும் கோப்புகளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆகவே திருத்தங்களை மென்பொருளின் வழியாகவே செய்தல் வேண்டும்.

இவ்வமைப்பின் சிறப்பு, மென்பொருள் இல்லாமற்போனாலும் நூல்கள் இருக்கும் என்பதாகும். காலிபரை நீக்கிவிட்டாலும் நூற்கோப்புகள் வழக்கமான அடைவுகளில் அப்படியே எஞ்சும். தரவுத்தளம் சிதைந்தாலும் ஒவ்வொரு நூலின் அடைவிலும் உள்ள மீதரவுக் கோப்புகளைக் கொண்டு அதனை மீண்டும் கட்டியெழுப்பும் வசதி மென்பொருளிலேயே உள்ளது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மென்பொருளுக்கு மாற நேர்ந்தால் இது பெரிதும் கைகொடுக்கும்.

கோப்பு வடிவமும் கவனிக்கத்தக்கது. ஈபப் என்பது 2007 இல் பன்னாட்டு எண்ணிமப் பதிப்பு மன்றத்தால் தகுதரமாக ஏற்கப்பட்ட திறந்த வடிவமாகும். 2017 இல் இம்மன்றம் உலகளாவிய வலைச் சேர்த்தியத்துடன் இணைந்ததிலிருந்து இவ்வடிவம் அங்கே பேணப்படுகிறது. இணையப் பக்கங்களை ஒத்த கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய பொதியே ஈபப் என்பதால், வாசிப்பு மென்பொருள் எதுவும் இல்லாவிட்டாலும் பொதியைப் பிரித்து உரையை மீட்க முடியும். பொதியினுள் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால் கோப்பு பழுதடைந்துள்ளதா என்பதையும் சோதித்தறியலாம். பி.டி.எஃப் வடிவம் பக்கத்தின் தோற்றத்தை மாறாமல் காப்பது. சிறு திரையில் வாசிக்க இடர் தருவது. அமேசானின் மோபி வடிவம் வழக்கொழிந்து வருகிறது. 2022 இல் அந்நிறுவனமே தனிப்பட்ட ஆவணங்களைக் கிண்டிலுக்கு அனுப்பும் சேவையில் ஈபப்பை ஏற்கத் தொடங்கி, பின்னர் மோபியைக் கைவிட்டது.

சேமிப்பிடம் இன்று ஒரு தடையே அல்ல. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவைப்பட்டாலும், சுருக்கப்பட்ட ஈபப் வடிவில் படங்கள் இல்லாத ஒரு முழு நாவல் பொதுவாக ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். இத்தகைய ஆயிரம் நூல்களுக்கு ஒரு கிகாபைட்டே போதும். வருடப்பட்ட பழைய நூல்களின் கணக்கு வேறு. அவை ஒவ்வொன்றும் பத்து முதல் சில நூறு மெகாபைட்டு வரை இடம் கொள்ளக்கூடியவை.

தமிழ் நூல்களைப் பேணுவதிலுள்ள சிக்கல்கள்

தமிழ் மின்னூல்களைச் சேர்ப்போர் ஆங்கில நூல்களைச் சேர்ப்போர் அறியாத சில சிக்கல்களை எதிர்கொள்கின்றனர். இவற்றுள் முதன்மையானது குறியாக்கம். ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், டாம், பாமினி எனப் பல குறியாக்கங்கள் புழங்கின. மதுரைத் திட்டத்தின் முந்தைய வெளியீடுகள் பல திஸ்கியில் அமைந்தவை. பின்னர் அவை ஒருங்குறியிலும் வெளியிடப்பட்டன. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி எழுத்துரு மிகுதியாகப் பயன்பட்டது. பாமினியில் தட்டச்சு செய்யப்பட்ட "தமிழ்" என்னும் சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பி.டி.எஃப் கோப்பில் எழுத்துரு பொதிந்து வைக்கப்படுவதால் பக்கம் திரையில் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் அக்கோப்பினுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் குப்பையான குறிகளே வரும். இத்தகைய நூல்களை நூலகத்தில் சேர்க்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நன்று. மாற்றுவதற்கான மென்பொருள்கள் பல கட்டற்ற முறையில் கிடைக்கின்றன. மாற்றிய பின்னும் மூலக்கோப்பை அழித்துவிடக் கூடாது. மாற்றத்தில் நேர்ந்த பிழைகளைச் சரிபார்க்க அது ஒன்றே சான்றாகும்.

ஒருங்குறிக்கு வந்த பின்னும் சிக்கல் முழுதும் தீர்வதில்லை. "ஔவையார்" என்பதில் முதலெழுத்து ஒரு தனி உயிரெழுத்துக் குறி. பலர் இதனை "ஒ" என்னும் எழுத்தையும் "ள" என்னும் எழுத்தையும் அடுத்தடுத்து இட்டுத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். இதனால் ஒரே புலவர் நூலகத்தில் இரு ஆசிரியர்களாகப் பதிவாகிறார். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளும் இதனைச் சரிசெய்வதில்லை. ஏனெனில் அவ்விதிகளின்படி "ஔ" என்பதன் பிற்பகுதி "ள" அன்று, ஔகார நீட்சிக்கென ஒதுக்கப்பட்ட வேறொரு குறி. "ஸ்ரீ" என்பதும் இவ்வாறே இரு வழிகளில் எழுதப்படுகிறது. "ஶ" என்னும் எழுத்து 2005 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட பின் அதனைக் கொண்டு எழுதப்பட்ட கோப்புகளும், அதற்கு முந்தைய வழக்கில் "ஸ" கொண்டு எழுதப்பட்டவையும் கலந்து கிடக்கின்றன.

கோப்புப் பெயர்களிலும் இடர் உண்டு. "பொன்னியின் செல்வன்" என்னும் பெயருக்கு யு.டி.எஃப்-8 இல் 52 பைட்டுகள் தேவை. லினக்சின் ஈ.எக்ஸ்.டி-4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. இதன்படி ஏறத்தாழ 85 தமிழ்க் குறிகளே எல்லை. மெய்யெழுத்துகளும் உயிர்மெய்களும் பெரும்பாலும் இரண்டு குறிகளாதலால், எழுத்துக் கணக்கில் இது இன்னும் குறையும். நீண்ட தலைப்புடைய உரைநூல்களும் ஆய்வேடுகளும் இவ்வெல்லையை எளிதில் எட்டிவிடுகின்றன. மேக் கணினிகளில் முன்பு பயன்பட்ட எச்.எஃப்.எஸ் பிளஸ் முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் பதிந்தது. அதில் "பொ" என்பதிலுள்ள ஒகரக் குறி, எகரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரிக்கப்படும். அவ்வாறு பதியப்பட்ட கோப்பு வேறு இயக்குதளத்துக்கு வரும்போது, கண்ணுக்கு ஒரே பெயர் கொண்ட இரு கோப்புகள் அருகருகே நிற்கக் காணலாம். காலிபர் இவ்விடர்களைத் தவிர்க்க, அடைவுப் பெயர்களை உரோமன் எழுத்துக்கு மாற்றியே பதிகிறது. தமிழ்த் தலைப்பு மென்பொருளினுள் சரியாகத் தெரியும். வெளியே அடைவைத் திறந்து பார்ப்பவருக்கோ உரோமன் எழுத்திலான, சில வேளை அடையாளம் காணவே அரிதான ஒரு பெயர் மட்டுமே கிடைக்கும். இது பாதுகாப்பான தீர்வுதான் என்றாலும் தமிழ் வாசகர்க்கு உவப்பானதன்று.

பெயர் வரிசை பற்றியும் கூற வேண்டும். காலிபர் ஆசிரியர் பெயரின் இறுதிச் சொல்லை முன்னே கொண்டுவந்து வரிசைப்படுத்துகிறது. மேனாட்டுக் குடும்பப் பெயர்களுக்காக அமைந்த இவ்வழக்கம், தலைப்பெழுத்து இடும் தமிழ்ப் பெயர்களுக்கும் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. "உ. வே. சாமிநாதையர்" என்பது "சாமிநாதையர், உ. வே." என்றாகும், தமிழ் நூலகப் பட்டியல்களின் மரபும் இதுவே. "கல்கி கிருஷ்ணமூர்த்தி" என்று உள்ளிட்டால் அவர் ககரத்தில், ஆனால் "கி" என்னும் இடத்தில் போய் நிற்பார். வெறும் "கல்கி" என்றும், "ரா. கிருஷ்ணமூர்த்தி" என்றும் வேறு கோப்புகள் வந்தால் ஒரே எழுத்தாளர் மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பார். எந்த வடிவம் தலைமையானது என்பதை முதலிலேயே முடிவு செய்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்வதே இதற்கு வழி. கடைகளின் மேகச் சேமிப்பில் இத்திருத்தங்களைச் செய்ய வாசகருக்கு இயல்வதில்லை. பதிப்பாளர் எவ்வாறு எழுதினாரோ அவ்வாறே பெயர் நிற்கும்.

தமிழ் மின்னூல் திட்டங்கள் பலவும் கோப்புகளைப் பூட்டின்றி வழங்குவது சொந்தச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு நற்பேறு. மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கப்பட்ட ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டமும் இவ்வகையின. 2013 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் ஆசிரியர்களின் இசைவுடன் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை வெளியிடுகிறது. அத்திட்டம் ஈபப், மோபி ஆகியவற்றோடு ஆறு அங்குலத் திரைக்கெனத் தனியே ஒரு பி.டி.எஃப் வடிவத்தையும் வழங்கியது. அக்கால வாசிப்புக் கருவிகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றியதே இதற்குக் காரணம்.

மேகத்தில் பேணுதல்

மேகச் சேமிப்பு என்னும் ஒரே பெயரில் வேறுபட்ட பல ஏற்பாடுகள் அடங்கியுள்ளன. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற பொதுச் சேமிப்புச் சேவைகளில் இடப்படும் நூல் ஒரு கோப்பாகவே இருக்கிறது. வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். கூகுள் பிளே புக்ஸ் சேவையில் 2013 முதல் வாசகர் தம்மிடமுள்ள ஈபப், பி.டி.எஃப் கோப்புகளைப் பதிவேற்றி வாசிக்கலாம். கடையில் வாங்கப்படும் நூலோ பெரும்பாலும் அக்கடையின் செயலி வழியாக மட்டுமே திறக்கக்கூடியது. மாதச் சந்தா செலுத்தி வாசிக்கும் நூல்கள் வாசகரின் நூலகத்தைச் சேர்ந்தவை என்றே கொள்ள இயலாது. சந்தா நின்றால் அவையும் நின்றுவிடும்.

மேகத்தின் வசதிகளைக் குறைத்து மதிப்பிடுவது பொருந்தாது. கைபேசியில் பேருந்தில் வாசித்த நூலை இரவில் வாசிப்புக் கருவியில் விட்ட பக்கத்திலிருந்தே தொடரலாம். அடிக்கோடுகளும் குறிப்புகளும் எல்லாக் கருவிகளிலும் ஒத்திசைகின்றன. பெரும்பாலான வாசகர்கள் காப்பு நகல் எடுப்பதே இல்லை என்பதை நோக்கின், வன்தட்டுப் பழுதாலும் திருட்டாலும் வெள்ளத்தாலும் அழிந்திருக்கக்கூடிய எத்தனையோ சேகரிப்புகளை மேகம் காத்துள்ளது எனலாம்.

இவ்வசதிகள் யாவும் ஒரு பயனர் கணக்கைச் சார்ந்துள்ளன. கடவுச்சொல் களவு போனாலோ, விதிமீறல் எனக் கருதி நிறுவனம் கணக்கை முடக்கினாலோ, சேவையே நிறுத்தப்பட்டாலோ தொகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கைநழுவும். வன்தட்டுப் பழுதுக்கு முன்கூட்டியே நகல் எடுத்து வைக்கலாம். பூட்டப்பட்ட நூலுக்கு அவ்வழியும் இல்லை.

நீக்கப்பட்ட நூல்கள்

2009 ஜூலையில் அமேசான் தனது வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984, விலங்குப் பண்ணை ஆகிய இரு நூல்களின் சில பதிப்புகளைத் தொலைவிலிருந்தே அழித்தது. அமெரிக்காவில் அந்நூல்களை வெளியிடும் உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் அவற்றைக் கடையில் ஏற்றியிருந்தார் என்பது காரணமாகக் கூறப்பட்டது. விலை திருப்பித் தரப்பட்டது. வரலாற்று ஆவணங்களை அரசே அழித்தொழிக்கும் ஒரு கற்பனை நாட்டைச் சித்திரிக்கும் நாவல் இவ்வாறு நீக்கப்பட்டது பரவலாகப் பேசப்பட்டது. கல்விக்காக அந்நூலில் குறிப்புகள் எழுதிவந்த ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய குறிப்புகள் எஞ்சியிருந்தும், அவை சுட்டிய பக்கங்கள் இல்லாமையால் பயனற்றுப் போயின. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோசு அம்மாதமே வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டிலேயே வழக்கு 150,000 டாலர் உடன்பாட்டில் முடிந்தது. வாடிக்கையாளரின் இசைவு, நீதிமன்ற ஆணை போன்ற சில சூழல்களில் தவிர அமெரிக்கக் கருவிகளிலிருந்து நூல்களை அழிப்பதில்லை என்றும் நிறுவனம் உறுதியளித்தது.

கடையே மூடப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. சோனி 2014 இல் வட அமெரிக்காவில் தனது மின்னூல் கடையை மூடியபோது வாடிக்கையாளர்களின் நூல்கள் கோபோ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 இல் தொடங்கிய மின்னூல் விற்பனையை 2019 ஏப்ரலில் நிறுத்தியது. அங்கு வாங்கப்பட்ட நூல்களும், இலவசமாகப் பெற்றவையும் கூட, அவ்வாண்டு ஜூலை முதல் திறக்க முடியாதவையாயின. நூலின் விலை முழுமையாகத் திருப்பித் தரப்பட்டது. நூல்களில் குறிப்பு எழுதியிருந்தோருக்குக் கூடுதலாக 25 டாலர் மதிப்புள்ள வரவு வழங்கப்பட்டது. இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது, பல வாசகர்களின் கணினிகளில் அந்நூற்கோப்புகள் இருந்தன என்பதாகும். கோப்பைத் திறக்கும் சாவி வழங்கியில் இருந்ததால் அவை பயன்படவில்லை. சொந்த வன்தட்டில் கோப்பு இருப்பதனாலேயே நூல் கைவசம் இருப்பதாகக் கொள்ள முடியாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பிவடம் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி நெடுங்காலமாக அமேசான் இணையத்தளத்தில் இருந்தது. 2025 பெப்ரவரி 26 அன்று இவ்வசதி நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் தமது நூல்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சேமிப்பதில் பலர் முனைந்தனர்.

உரிமையும் உரிமமும்

அச்சு நூலை வாங்கியவர் அதனை இரவல் தரலாம், விற்கலாம், அன்பளிப்பாக வழங்கலாம். மின்னூற் கடைகளின் விதிமுறைகளின்படி வாசகர் பெறுவது நூலை அன்று, நூலை வாசிப்பதற்கான உரிமத்தை மட்டுமே. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தரப்படுவது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் எண்ணிமப் பொருள்களின் விற்பனையில் "வாங்குக" என்பது போன்ற சொற்களைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. நிலையாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய, விற்றவரால் திரும்பப் பெற இயலாத பொருள்களுக்கு இத்தடை இல்லை. இக்கட்டுரையில் பேசப்படும் இரு முறைகளுக்கும் இடையிலான எல்லையைச் சட்டமும் அதே இடத்தில் வகுத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

பயன்படுத்திய மின்னூலை மறுவிற்பனை செய்யலாமா என்ற வினா நெதர்லாந்தின் டாம் கபினெட் நிறுவனம் தொடர்பான வழக்கில் எழுந்தது. அத்தகைய விற்பனைக்கு உரிமையாளரின் இசைவு தேவை என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது.

நூல்களைப் பூட்டும் தொழில்நுட்பம் எண்ணிம உரிமை மேலாண்மை எனப்படும். தாம் விலை கொடுத்துப் பெற்ற நூலின் பூட்டைத் தமது சொந்தச் சேமிப்புக்காக நீக்குவது பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடை செய்து, சில விலக்குகளை மட்டும் வழங்குகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கும் அளிக்கிறது. கடையுடன் செய்த உடன்படிக்கை இதனினும் கடுமையாக இருக்கலாம். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகங்களை நாடுவதே சிக்கலற்ற வழியாகும்.

இடைப்பட்ட வழிகள்

சொந்தக் கணினியையே ஒரு சிறு மேகமாக்கிக்கொள்வோரும் உளர். காலிபரில் உள்ள உள்ளடக்க வழங்கியை இயக்கினால் வீட்டு வலையமைப்பில் உள்ள கைபேசிகளிலும் வாசிப்புக் கருவிகளிலும் நூல்களைத் தேடி இறக்கலாம். காலிபர்-வெப், கவிடா, கோம்கா ஆகியன இதே பணியைச் செய்யும் கட்டற்ற மென்பொருள்கள். 2010 இல் வெளியான ஓ.பி.டி.எஸ் என்னும் நூற்பட்டியல் தகுதரத்தைப் பின்பற்றும் எந்தச் செயலியும் இவ்வழங்கிகளுடன் பேச வல்லது. வெளியூரிலிருந்து அணுகும்படி வழங்கியை இணையத்தில் திறந்துவிடுவோர் கடவுச்சொல்லும் மறையாக்கமும் அமைத்தல் இன்றியமையாதது.

காலிபர் நூலகத்தை அப்படியே டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவு அடைவினுள் வைப்பதும் உண்டு. இதில் எச்சரிக்கை தேவை. தரவுத்தளம் ஒரே கோப்பாக இருப்பதால் இரு கணினிகளில் ஒரே நேரத்தில் நூலகத்தைத் திறந்தால் ஒன்றின் மாற்றங்களை மற்றது அழித்துவிடலாம். தரவுத்தளமே சிதையவும் கூடும். வலையமைப்பு வன்தட்டுகளில் நூலகத்தை வைக்க வேண்டாம் என்று காலிபரின் கையேடே அறிவுறுத்துகிறது. முதன்மைப் படியை ஒரே கணினியில் வைத்து அங்கு மட்டுமே திருத்தங்கள் செய்து, மற்றவற்றுக்குப் படிகளை அனுப்புவது குழப்பம் தராத ஏற்பாடு.

காப்பு நகல்

ஒத்திசைவும் காப்பு நகலும் ஒன்றல்ல. ஒரு கருவியில் தவறுதலாக அழிக்கப்பட்ட நூல் ஒத்திசைவின் விளைவாகச் சில நொடிகளில் எல்லாக் கருவிகளிலும் அழியும். காப்பு நகல் என்பது முந்தைய நிலையை மாறாமல் வைத்திருப்பது. நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இங்கும் பொருந்தும். அதன்படி மூன்று படிகள், இரு வேறு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்பது உறவினர் வீட்டிலுள்ள ஒரு புற வன்தட்டாகவும் இருக்கலாம். மேகச் சேமிப்பாகவும் இருக்கலாம். மேகம் ஐயத்துக்கிடமின்றிப் பயன்படும் இடம் இதுவே. ஆண்டுக்கொரு முறையேனும் நகலிலிருந்து சில நூல்களைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்தே பார்க்கப்படாத நகல் உள்ளதா இல்லையா என்பதை எவரும் அறியார்.

வாசகர் எழுதிய குறிப்புகளை நூலிலிருந்து தனியே எடுத்து வைப்பது பலரும் மறந்துவிடும் பணி. கிண்டில் கருவி அவற்றை எளிய உரைக்கோப்பு ஒன்றில் சேர்த்து வைக்கிறது. கருவியைக் கணினியுடன் இணைத்து அதனை நகலெடுக்கலாம். நூலை மீண்டும் எங்கேனும் பெற்றுவிட முடியும். குறிப்புகளுக்கு வேறு படி கிடையாது.

வாசிப்பின் அந்தரங்கம்

பக்க எண்ணையும் அடிக்கோட்டையும் ஒத்திசைக்க வேண்டுமாயின் அவை நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றாக வேண்டும். எந்த நூலை எப்போது எவ்வளவு நேரம் வாசித்தார் என்பது இதனால் பதிவாகிறது. அடோபி நிறுவனத்தின் டிஜிட்டல் எடிசன்ஸ் நான்காம் பதிப்பு, வாசகர்களின் வாசிப்பு விவரங்களை மறையாக்கம் செய்யாமல் வெறும் உரையாகவே தனது வழங்கிக்கு அனுப்பிவந்தது 2014 அக்டோபரில் வெளிவந்தது. இணைய இணைப்பில்லாமல் சொந்தக் கோப்பை வாசிப்பவருக்கு இச்சிக்கல் எழாது.

வாரிசுரிமை

ஒருவரின் அச்சு நூல்கள் அவருக்குப் பின் குடும்பத்தாரைச் சேரும்; பொது நூலகத்துக்குக் கொடையாகவும் செல்லும். தமிழறிஞர்கள் பலரின் சேகரிப்புகள் இவ்வாறே பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நூலகங்களையும் அடைந்தன. கடைக் கணக்கிலுள்ள மின்னூல்களின் உரிமம் பொதுவாகப் பிறருக்கு மாற்றித் தர இயலாதது; கணக்கு உரியவருடன் முடிகிறது. பூட்டில்லாக் கோப்புகள் ஒரு புற வன்தட்டில் இருப்பின், வன்தட்டு எங்கே உள்ளது, மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல் யாது என்பதைக் குடும்பத்தில் ஒருவரேனும் அறிந்திருத்தல் போதுமானது. உரிமத்துக்கு உட்பட்ட நூல்களும் பதிப்புரிமை முடிந்த நூல்களும் தொகுப்பில் கலந்திருக்குமாயின் அவற்றைத் தனித்தனிக் குறிச்சொல்லால் அடையாளமிடுவது பின்னால் கொடையாக வழங்குவதற்கு உதவும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்த பின் அவரது நூல்கள் பொதுவுடைமையாகின்றன. எனவே ஆசிரியர் மறைந்த ஆண்டையும் மீதரவில் ஒரு புலமாகச் சேர்த்துவைக்கும் சேகரிப்பாளர்கள் உள்ளனர்.